கோப்பையும் குத்துவிளக்கும்: காவிரிப் படுகை ஏன் விளையாட்டு வீரனை வெண்கலத்தில் வார்க்கவில்லை?

1. கேள்வி

உலகில் மிகுதியாகப் பிரதியெடுக்கப்பட்ட விளையாட்டுச் சிற்பத்தின் மூலம் இன்று நம்மிடம் இல்லை. கிரேக்கச் சிற்பி மைரன் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்த வட்டெறியும் வீரன் எப்போதோ தொலைந்துபோனான். அருங்காட்சியகங்களில் இருப்பவை ரோமானியர் பளிங்கில் செதுக்கிய படிகள். அந்தப் படிகளைப் பார்த்துத்தான் ஐரோப்பிய வார்ப்பாலைகள் பின்னாளில் மேசைமேல் வைக்கும் அளவில் குட்டி வெண்கலங்களைச் செய்தன. சிற்பங்களைச் சிறிதாக்கிப் படியெடுக்கும் பொறியை 1836இல் உருவாக்கிய அஷீல் கொலாஸ், பாரிஸ் வார்ப்பாலைக்காரர் ஃபெர்தினாந் பர்பெதியனுடன் 1838இல் கூட்டுச் சேர்ந்தார். அதன் பிறகு நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கணப்படுப்பின் மேல்மாடத்தில் ஒரு வெண்கல உருவம் இருப்பது வழக்கமாயிற்று. கனடாவின் மருத்துவரும் உடற்பயிற்சி ஆசிரியருமான ஆர். டெய்ட் மெக்கன்சி 1902இல் ஓட்டக்காரனையும் 1903இல் தடகள வீரனையும் உருவாக்கினார். 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் நடந்தன. சிற்பத்துக்கும் அங்கே பதக்கம் உண்டு. 1932இல் மெக்கன்சியே ஒன்று வாங்கினார். பழைய விளையாட்டு வெண்கலங்களைத் தேடி வாங்கி வரவேற்பறையை அலங்கரிக்கும் மேலைநாட்டுப் பழக்கத்துக்கு இதுதான் பின்புலம்.

தஞ்சைக்கு வருவோம். அசையும் உடலை உலோகத்தில் நிறுத்துவதில் காவிரிப் படுகைக்கு இணையாகச் சொல்ல உலகில் அதிக இடங்கள் இல்லை. ஒற்றைக் காலில் சுழலும் ஆடவல்லான், பாம்பின் படத்தின்மேல் துள்ளும் கண்ணன், வில்லைப் பற்றிய விரல்களோடு நிற்கும் திரிபுராந்தகர் என்று ஆயிரம் ஆண்டுக் கைத்தேர்ச்சி இங்கே உண்டு. அதே மண்ணில் மஞ்சுவிரட்டு உண்டு, சடுகுடு உண்டு, சிலம்பம் உண்டு, ரேக்ளா உண்டு. ஆனாலும் மாட்டை அணைப்பவனையோ சடுகுடு பாடிச் செல்பவனையோ வெண்கலத்தில் வார்க்கும் மரபு இங்கே உருவாகவில்லை. கைத்திறனும் இருந்து விளையாட்டும் இருந்த ஊரில் இரண்டும் சந்திக்காமல் போனது ஏன்? இன்று ஒரு தஞ்சாவூர்க்காரர் தன் வீட்டில் விளையாட்டு சார்ந்த பழைய உலோகப் பொருள்களைச் சேர்க்க விரும்பினால் எதைத் தேடுவது? இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

2. இதுவரை சொல்லப்பட்டது

தென்னிந்திய உலோகப் படிமங்கள் பற்றிய எழுத்து பெரும்பாலும் மூன்று தடங்களில் சென்றிருக்கிறது. சென்னை அருங்காட்சியகப் படிமங்களுக்கு கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932இல் தயாரித்த பட்டியல், சி. சிவராமமூர்த்தியின் 1963ஆம் ஆண்டு நூல், இரா. நாகசாமியின் ஆய்வுகள் ஆகியவை காலத்தையும் பாணியையும் வரையறுத்தன. ஆனந்த குமாரசுவாமி 1918இல் ஆடவல்லானின் தத்துவத்தை உலகுக்கு விளக்கினார். அண்மைக் காலத்தில் ரிச்சர்ட் டேவிஸ், வித்யா தெஹேஜியா போன்றோர் இந்தப் படிமங்களின் சமூக வாழ்க்கையை எழுதினர்: யார் கொடுத்தார்கள், யார் புதைத்தார்கள், யார் திருடினார்கள், எந்த நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.

உடலை உடலாகவே பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் தஞ்சைக்கு வந்ததே இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான், சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் புகைப்படங்களைப் பார்த்து 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 1921இல் வெளிவந்தது. இடுப்பு, தொடை, கால், கை என்று உறுப்பு உறுப்பாக அவர் பார்வை நகர்கிறது. குமாரசுவாமி பிரபஞ்சத்தைக் கண்ட இடத்தில் ரோதான் தசையையும் நிழலையும் கண்டார். பூசையில் இருக்கும் மூர்த்தியை அப்படிப் பார்ப்பது நம்மவருக்குக் கூச்சம் தரக்கூடும். என்றாலும் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு ரோதானின் கண்தான் உதவுகிறது.

அந்தக் கண்ணோடு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தால் ஒன்று சட்டென்று தெரியும். திருவெண்காட்டிலிருந்து வந்த, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். பாம்புகளையே தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு காலை மற்றதன் குறுக்கே சாய்த்து, வலது முழங்கையை மடக்கிக் காளையின்மேல் ஊன்றிய நிலை. காளை இல்லை. எப்போதோ காணாமற்போய்விட்டது. மஞ்சுவிரட்டு நடக்கும் மாவட்டத்தின் தலைசிறந்த வெண்கலம் இல்லாத மாட்டின்மேல் கைவைத்து நிற்கிறது. அந்தக் கையில் இறுக்கம் துளியும் கிடையாது. மாடு இருந்தபோதும் இருந்திருக்காது. வில்லாளியாக வார்க்கப்பட்ட திரிபுராந்தகரிலும் இதையே காணலாம். நாண் இழுக்கும் தோளின் புடைப்பை ஸ்தபதி காட்டுவதில்லை. ஐரோப்பிய விளையாட்டு வெண்கலம் முயற்சியின் உச்ச நொடியைப் பிடிக்க முயல்கிறது. தஞ்சை வெண்கலமோ முயற்சியே தேவைப்படாத உடலைக் காட்டுகிறது. ஆடவல்லானின் கைகால்கள் சுழன்றாலும் முகத்தில் மூச்சிரைப்பு இல்லை.

இந்த அழகியல் வேறுபாட்டையே முழு விடையாகக் கொள்ளலாமா? கொள்ள முடியாது என்பதற்கு எதிர்ச்சான்று கல்லில் இருக்கிறது.

3. கல்லுக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்திலும் தூண்களிலும் விரற்கடை அளவுச் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் உடலை வில்லாக வளைத்துக் கழைக்கூத்து ஆடுவோர் உண்டு, கட்டிப் புரளும் மல்லர் உண்டு, ஒரே தலை யானைக்கும் காளைக்கும் பொருந்தும் அந்தப் புகழ்பெற்ற வேடிக்கையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுவரில் கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 108இல் 81 முடிந்து, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. உடற்பயிற்சியின் முறுக்கும் வளைவும் இந்த மண்ணின் சிற்பிக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்ததைக் கல்லில் செய்தான். கொங்குப் பக்கம் எருது விளையாடி இறந்தவனுக்கு நடுகல்லே நட்டிருக்கிறார்கள், அதுவும் கல்தான்.

அப்படியானால் தடை கையில் இல்லை; உலோகத்தில் இருக்கிறது.

டெல்டாவில் நெல் விளையும், செம்பு விளையாது. வண்டல் படிந்த இந்தச் சமவெளியில் செம்புத் தாது கிடையாது. சோழர் வார்த்த அத்தனை செம்பும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இலங்கையிலிருந்து வந்திருக்கலாம் என்பது வித்யா தெஹேஜியாவின் கருத்து. எங்கிருந்து வந்தாலும் விலை கொடுத்து வாங்கிய பொருள். அத்துடன் சோழர் படிமங்கள் உள்ளீடற்றவை அல்ல, கனமாக வார்த்தவை. ஐரோப்பியக் குட்டி வெண்கலத்தின் உள்ளே வெற்றிடம். சுவர் சில மில்லிமீட்டர்தான். ஒரு முழ உயரப் படிமத்துக்கு இங்கே ஆகும் செம்பில் அங்கே பல வீரர்களை வார்க்கலாம்.

உலோகம் எவ்வளவு கணக்காகக் கையாளப்பட்டது என்பதற்குப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சாட்சி. முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட படிமங்களை அவை பட்டியலிடுகின்றன. உயரம் முழத்திலும் விரலிலும் அளக்கப்பட்டிருக்கிறது. எத்தனை கை, காலடியில் யார், பீடம் எவ்வளவு, திருவாசி எவ்வளவு என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் தவறாமல் இருக்கிறது. வார்த்தவர் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குப் புத்தகத்தில் மல்லனுக்கு இடமில்லை. உலோகப் படிமம் என்பது வீதியுலா வரும் உற்சவர். அதற்கு நித்தியப் பூசை, நெய், அரிசி, விளக்கு என்று நிலம் எழுதிவைக்க வேண்டும். ஒரு படிமத்தைக் கொடுப்பது அதன் தினசரிச் செலவையும் சேர்த்துக் கொடுப்பது. நெல் வருமானமே இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. வெற்றி பெற்ற வீரனின் உருவத்துக்கு யார் நிலம் எழுதுவார்?

இதற்கும் விதிவிலக்கு உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. இராசராசனுக்கும் அவன் தேவி உலகமாதேவிக்கும் உலோக உருவங்கள் அதே கோயிலில் வைக்கப்பட்டன. திருவெண்காட்டுக் கண்ணப்பர் வேடனாகவே, காலில் செருப்போடு வார்க்கப்பட்டார். வேட்டைக்காரனின் உடல் வெண்கலம் ஏற முடிந்தது, அந்த வேட்டைக்காரன் நாயனாராக இருந்ததால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராத்திய அரச குடும்பத்து அம்முனு பாய் தன் வேண்டுதல் நிறைவேறியதற்காகத் திருவிடைமருதூர் கோயிலில் வைத்த பாவை விளக்கு அவருடைய உருவமாகவே கருதப்படுகிறது. மனித உடல் உலோகமாகலாம். கையில் விளக்கோ நெஞ்சில் பக்தியோ இருந்தால் போதும். பலத்துக்காக மட்டும் ஒருவனும் வார்க்கப்படவில்லை.

பலத்தைப் பலமாகவே காட்டும் பொது வெண்கலத்துக்குத் தமிழ்நாடு 1959 வரை காத்திருந்தது. சென்னைக் கடற்கரையில் பாறையை நெம்பும் நான்கு ஆட்களின் உழைப்பாளர் சிலை அது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர், மல்யுத்தப் பழக்கம் உள்ளவர், வங்காளத்தில் பிறந்து ஐரோப்பிய முறையில் சிற்பம் பயின்றவர். தசை புடைக்கும் வெண்கலம் நமக்கு வந்த வழி அது.

4. பரிசு பாத்திரமாக வந்தது

உருவம் வரவில்லை என்பதால் விளையாட்டு உலோகத்தைத் தொடவே இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. டெல்டா வீடுகளில் விளையாட்டின் உலோகம் அடுக்களையில் இருந்தது.

பொங்கலையொட்டியும் கோயில் திருவிழாவையொட்டியும் நடக்கும் போட்டிகளின் பரிசுப் பட்டியலைப் பாருங்கள். திருக்கானூர்ப்பட்டி, மாதாக்கோட்டை ஜல்லிக்கட்டானாலும், ஊர்ப் பொட்டலில் நடக்கும் கபடிப் போட்டியானாலும், மேடையில் அடுக்கியிருப்பவை குடம், அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு. இப்போது அவற்றோடு சைக்கிளும் பீரோவும் சேர்ந்துகொண்டன. வென்றவன் வீட்டுக்குக் கொண்டுபோவது தண்ணீர் பிடிக்கவோ சோறு வடிக்கவோ உதவும் பொருள். வீரன் விளையாடினான், பரிசைப் பயன்படுத்தியவர் பெரும்பாலும் அவன் அம்மா.

இந்தப் பாத்திரங்களுக்கும் கைவினை வரலாறு உண்டு. கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக மணல் அச்சில் வார்த்து, கடைந்து, திருகி இணைக்கப்படுகிறது. தஞ்சாவூர்த் தட்டு வேறு வகை: பித்தளைத் தட்டின்மேல் செம்பிலும் வெள்ளியிலும் புடைத்தெடுத்த உருவங்களைப் பதிப்பது. இரண்டாம் சரபோசி காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் இந்தத் தட்டு, இன்று மேடைதோறும் நினைவுப் பரிசாக வழங்கப்படுகிறது. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. விழாவுக்கு வந்த அமைச்சருக்கும் ஓட்டத்தில் வென்ற மாணவனுக்கும் ஒரே தட்டு, நடுவில் ஒரே நடராசர்!

ஒரு பழைய பரிசுக் குடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடியே சிறு உளியாலோ, பின்னாளில் மின்கருவியாலோ வெட்டிய எழுத்து. ‘ன’வின் சுழி ஒன்றோடொன்று ஒட்டி, மெய்யெழுத்தின் புள்ளியும் வெட்டுப் புள்ளியும் கலந்து, வாசிக்கச் சற்றுச் சிரமம் தரும். பெயர் யாருடையது? பெரும்பாலும் வென்றவனுடையது அல்ல; கொடுத்தவருடையது. இன்னார் நினைவாக இன்னார் அளித்தது, ஊர், ஆண்டு. பெரிய கோயில் கல்வெட்டின் அதே ஒழுங்கு எவ்வளவு பிடிவாதமாக ஒரு பித்தளைக் குடம்வரை இறங்கி வந்திருக்கிறது! கொடுத்தவர் எழுத்தில் நிற்கிறார். ஓடியவன் ஊர்ப் பேச்சில் நிற்கிறான்.

பின்னர் பித்தளை போய் எவர்சில்வர் வந்தது. பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிய தலைமுறை அது. தெருவில் கூவி வந்தவரிடம் மாற்றிக்கொண்ட குடங்களில் எத்தனை பரிசுக் குடங்களோ! உலோகத்துக்கு எடை மதிப்பு இருக்கும்வரை அது நினைவுச் சின்னமாக நிலைப்பது கடினம். ஐரோப்பிய வீரச் சிலைக்கு அந்த ஆபத்து குறைவு. உருக்கினால் கிடைக்கும் செம்பைவிட உருவத்துக்கு விலை அதிகம். குடத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

5. ஷோகேஸில் யார் யார்

டெல்டா வீட்டின் கூடத்தில் மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன ஷோகேஸ் என்று ஒன்று இருக்கும். தலையாட்டிப் பொம்மை, சிங்கப்பூரிலிருந்து வந்த பீங்கான், யாரோ கொடுத்த தஞ்சாவூர்த் தட்டு, மேல்தட்டில் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள். பூசை அறை வேறு. அங்கே இருப்பது சாமி. இந்தப் பிரிவினை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் நடராசர் அதைக் குழப்பிவிட்டார். பூசையில் வைக்க வேண்டாம், பெரிய உருவம் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் குடும்பமே, அவரை ஷோகேஸில் வைத்து விளக்குப் போடுகிறது. 1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனையகங்கள் இதற்குப் பெரிய காரணம். வழிபாட்டுக்கு ஆணை கொடுத்துச் செய்விக்கும் மூர்த்தி ஒரு பக்கம், அலமாரியிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டித் தரும் கைவினைப் பொருள் மறுபக்கம். சுவாமிமலைப் பட்டறைகள் இரண்டுக்கும் வார்க்கின்றன.

கோப்பைகளின் உச்சியைக் கவனித்தவர் குறைவு. பொன்னிற முலாம் பூசிய பிளாஸ்டிக் உருவம் ஒன்று அங்கே நிற்கும். மட்டையோடு ஒருவன், பந்தோடு ஒருவன். கபடிக்கு ஏற்ற உருவம் கடையில் இல்லையென்றால், கையில் மாலையை உயர்த்திய சிறகுள்ள பெண். அவள் கிரேக்க வெற்றித் தெய்வமான நைக்கியின் வழிவந்தவள். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கபடி அணியின் வெற்றியை ஏதென்ஸ் தேவதை வாழ்த்துகிறாள், கீழே பெயர்ப் பலகையில் உபயதாரர் பெயர். காவிரிப் படுகை வீடுகளில் உள்ள விளையாட்டுச் சிற்பம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இதுதான். ஆயிரம் ஆண்டு வார்ப்பு மரபுள்ள ஊருக்குச் சற்று வெட்கமான நிலைமை.

6. பழசின்மேல் ஆசை

இப்போது சேகரிப்பாளரிடம் வருவோம். மேலைநாட்டில் பழைய வீர வெண்கலம் தேடுபவர் வார்ப்பாலை முத்திரையைப் பார்ப்பார், அடியில் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சாம்பல் வெள்ளை தெரிந்தால் அது துத்தநாகக் கலவை; வெண்கல நிறம் மேற்பூச்சு மட்டுமே. கையில் எடுத்ததும் எதிர்பார்த்த கனம் இல்லையென்றால் பிசினில் வெண்கலப் பொடி கலந்து செய்ததாக இருக்கலாம். காந்தத்தை நம்பிப் பயனில்லை. வெண்கலம், பித்தளை, துத்தநாகம் எதுவும் அதில் ஒட்டாது. இரும்பை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். இந்த அறிவு தஞ்சையிலும் பயன்படும். ஆனால் இங்கே அதைவிடப் பெரிய வினா வேறு: இந்தப் பொருள் யாருடையது?

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். உலோகச் சிற்பமானால் பதிவு செய்தாக வேண்டும், வணிகத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. புதிதாக வார்த்ததை அனுப்புவதானாலும் இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று தேவை. சட்டம் இவ்வளவு கண்டிப்பானதற்குக் காரணங்கள் இந்தப் படுகையிலேயே உள்ளன. சிவபுரம் நடராசரைச் செப்பனிடக் கொடுத்தபோது படி ஒன்று கோயிலுக்குத் திரும்பியது, மூலம் வெளிநாடு போனது. பல ஆண்டு வழக்குக்குப் பின் 1986இல்தான் மீண்டது. பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் திரும்பப் பெற்றார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் வந்தார். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது, வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆகவே, பழைய தஞ்சை வெண்கலம் என்று சொல்லி யாராவது கூடத்தில் அலங்கரிக்க ஒன்றைக் கொடுத்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, அது பழையதே அல்ல. புதிய வார்ப்பில் ரசாயனம் தடவிக் களிம்பு ஏற்றிய ‘ஆன்டிக் ஃபினிஷ்’. பட்டறைகள் இதை ஒளிவுமறைவின்றியே செய்கின்றன. வாங்கும் இடத்தில் குற்றமில்லை, மறுவிற்பனையில்தான் வயது ஏறுகிறது. இரண்டு, அது உண்மையிலேயே பழையது. அப்படியானால் ஏதோ ஒரு கோயிலின் கருவறையிலோ மண்ணடியிலோ அதற்கு ஓர் இடம் காலியாக இருக்கக்கூடும். அழகுப் பொருள் சேர்ப்பவர் இரண்டையுமே ஒதுக்குவது நல்லது.

எதைச் சேர்க்கலாம் என்றால், நான்காம் பகுதியில் கண்ட பரிசுப் பாத்திரங்களை. நூறாண்டு ஆகாதவை, சிற்பம் அல்லாதவை, யாருடைய சாமியும் அல்லாதவை. கும்பகோணம் பாத்திரக் கடைத் தெருவின் பழைய எடைக் குவியலில், பழைய இரும்புக் கடைகளில், சொந்தக்காரர் வீட்டுப் பரணில் அவை கிடைக்கலாம். ஆண்டும் ஊரும் போட்டியும் வெட்டியிருக்கும் ஒரு குத்துவிளக்கு, அந்த ஊரின் விளையாட்டு வரலாற்றுக்கு எழுத்துச் சான்று. அத்தகைய எழுத்தை ஒருவரும் முறையாகத் தொகுக்காமல் விட்டிருப்பதுதான் வியப்பு. தலைவர்களின் சுவரொட்டிக்கே ஆவணக் காப்பகம் இருக்கும் நாட்டில், சடுகுடுவுக்குக் கிடைத்த சொம்புக்கு ஒரு அலமாரி இல்லை.

சேர்ப்பவர் புளியை மட்டும் மறந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது பூசைப் பாத்திரத்துக்குச் சரி. வெட்டெழுத்து அந்தத் தேய்ப்பில் ஆண்டுக்காண்டு ஆழம் குறையும். மெல்லிய துணி, தேவையானால் காய்ச்சி வடித்த நீர், பிறகு நன்றாக உலர்த்தல் போதும். மங்கிய பழுப்பு அழுக்கல்ல, காப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றைக் கவனிக்க வேண்டும். குளோரைடு புகுந்த உலோகத்தில் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். அது களிம்பல்ல, உலோகத்தைத் தின்னும் நோய். ஈரம் குறைந்த மூடிய கண்ணாடி அலமாரியே அதற்கு மருந்து. மற்றப் பொருள்களிலிருந்து பிரித்தும் வைக்க வேண்டும். எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோப்பைக்காகச் செய்த ஒட்டுப்பலகைத் தட்டு நாச்சியார்கோயில் விளக்கைத் தாங்காது.

7. இனி ஒருவர் வார்க்கச் சொன்னால்

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் உள்ள சுவாமிமலையில் இன்றைய ஸ்தபதிகள் மூர்த்திகளோடு தலைவர்களின் உருவங்களையும் வார்க்கிறார்கள். 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் வைத்த 27 அடி நடராசர் இங்கே தேவசேனாபதி ஸ்தபதியின் புதல்வர்கள் பட்டறையில் உருவானது. எடை ஏறத்தாழ 18 டன். அவ்வளவு பெரிய வேலை செய்யும் இடத்தில் ஒரு முழ உயரக் கபடி வீரனை வார்ப்பது தொழில்நுட்பச் சவால் அல்ல. உலோக விலையும் முன்போல் தடையல்ல. செம்பு கோயிலுக்கு மட்டும் உரியது என்ற பொருளியல் காரணம் போய்விட்டது; பழக்கம்தான் மிச்சம்.

பழக்கம் கைகளில் இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவம் பிடிக்கும் முன், உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலை ஒன்றை நறுக்குகிறார்கள். அதைத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடிக்கிறார்கள். மடிப்பின் கோடுகளே முகம், மார்பு, தொப்புள், முழங்கால் எங்கே வரவேண்டும் என்று சொல்லிவிடும். மெழுகின்மேல் காவிரி வண்டல் பூசி, உலர்த்தி, கனத்த மண்ணேற்றிக் கம்பி கட்டி, வறட்டியில் சுட்டு மெழுகை உருக்கி வடிக்கிறார்கள். வெற்றிடத்தில் செம்பும் பித்தளையும் சிறிது ஈயமும் கலந்த குழம்பு இறங்குகிறது. ஆறியபின் மண்ணை உடைத்தால் அச்சு போயிற்று. இன்னொன்று வேண்டுமானால் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். கொலாஸின் பொறி எதைப் பெருக்கியதோ அதை இந்த முறை இயல்பாகவே மறுக்கிறது. எனவே இங்கே செய்யும் வீரன் ஒருவனே ஒருவன்; விலையும் அதற்கேற்றபடி.

சிற்ப நூல்கள் மானிடருக்கு எட்டுத் தாளம் என்று வகுக்கின்றன. உத்தமத் தெய்வங்களுக்குப் பத்து. ஆனால் அந்த எட்டுத் தாள மனிதன் மூச்சடக்கிக் குனிந்து பாயும்போது ஓலையின் மடிப்பு எங்கே விழும் என்பதை நூல் சொல்லவில்லை. ஸ்தபதி மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். தசை வேண்டுமா, அமைதி வேண்டுமா என்பதையும் ஆணை கொடுப்பவர் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மெக்கன்சியின் ஓட்டக்காரனைப் படத்தில் காட்டி இதுபோல் செய்யுங்கள் என்றால் கிடைப்பது இரண்டாந்தரப் படியாக இருக்கும். ரிஷபவாகனரின் அந்தத் தளர்ந்த முழங்கையைக் காட்டிப் பேச்சைத் தொடங்குவது மேல்.

அடுத்தது நிற்பதன் சிக்கல். ஒற்றைக் காலில் ஆடவல்லான் விழாமல் நிற்பதற்குக் கனத்த பீடமும் முயலகனும் மட்டும் காரணமல்ல. விரிந்த சடையும் ஆடையின் நுனியும் திருவாசியைத் தொடும் இடங்களில் எடை பகிரப்படுகிறது. கபடி வீரனுக்குத் திருவாசி கிடையாது. முன்னே பாயும் உடல் ஒரு பெருவிரலில் நின்றால் கணுக்காலில் முறிவு வரும். நடுக்கோட்டை நோக்கித் தாவும் ரைடரைத் தனியாக வார்க்காமல், தரையில் விழுந்து அவன் பின்கால் கணுவைப் பற்றியிருக்கும் ஆட்டக்காரனையும் சேர்த்து வார்த்தால் உருவத்துக்கு இரண்டாவது ஊன்றுகோல் கிடைக்கும். பிடித்தவனின் முதுகும் முழங்கையும் பீடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாய்பவனின் நீட்டிய கை கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது ஊன்றல். மெழுகில் பிடிக்கும்போதே இருவரையும் ஒரே உருவமாகப் பிடித்து, உலோகம் இறங்கும் வாயைப் பிடித்தவனின் முதுகுப் பக்கம் வைத்தால், உளிவேலை தெரியாத இடத்தில் முடிந்துவிடும்.